கணக்கில் விடுபட்ட ஆண்டுகள்: ஒரு கோடை விடுமுறையின் நிகழ்வு ஆய்வு

பதிவின் நோக்கம்

ஒன்பதாம் வகுப்பு முடித்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருந்த ஒரு மாணவியுடன் 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நான் மேற்கொண்ட கணிதப் பயிற்சியை இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்கிறேன். பயிற்சியின் முற்பாதி தோல்வியில் முடிந்தது. அந்தத் தோல்விக்கு மாணவியைவிட என் திட்டமே காரணம் என்பதால், அதைச் சுருக்காமல் எழுதியிருக்கிறேன். குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெற்றுள்ளேன்; ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்துள்ளேன்.

பின்னணி

ஊர், இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவை ஒட்டிய, எங்கள் பேச்சில் தென்கடல் என்று சொல்லப்படும் பக்கத்தில் உள்ள மீனவக் கிராமம். எனக்கு அது சொந்த ஊர். நான் மாவட்டத்தின் வேறொரு ஒன்றியத்தில் கணித ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வருவேன். கோடையில் பள்ளிகள் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறது. நான் செய்தது பள்ளியின் வகுப்பு அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, கட்டணம் ஏதுமின்றிச் சொல்லிக்கொடுத்தது மட்டுமே.

மாணவியின் தந்தை விசைப்படகில் பங்குக்குச் செல்லும் தொழிலாளி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்த நாட்களில் அவர் உறவினரின் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில் போவார், இல்லையென்றால் கரையில் வலை கட்டுவார். தாய் ஆண்டின் பெரும்பகுதி கடற்பாசி எடுக்கச் செல்பவர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற பாசி வகைகளை எடுக்க, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பார் எனப்படும் கடற்பாறைத் திட்டுக்குப் போகும் பெண்களில் அவரும் ஒருவர். மே மாதத்தில் அந்த வேலை இல்லாததால் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். மாணவிக்கு நான்கு வயது இளைய தம்பி ஒருவன் இருக்கிறான். தண்ணீர் வரும் வேளையில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் கொண்டுவருவது அவளுடைய பொறுப்பு.

அவள் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத்தேர்வில் கணிதத்தில் 100க்கு 36 பெற்றிருந்தாள். தமிழிலும் சமூக அறிவியலிலும் அறுபதைத் தாண்டியிருந்தாள். “இந்தப் பிள்ளைக்குக் கணக்கு மட்டும் ஏற மாட்டேங்குது டீச்சர்” என்றார் தாய். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அன்று நான் கவனித்திருக்க வேண்டும். மற்றப் பாடங்கள் ஏறுகிற பிள்ளைக்குக் கணக்கு மட்டும் ஏறவில்லை என்றால், கோளாறு பிள்ளையிடம் இருப்பதைவிட, கணக்கு அடுக்கப்பட்ட முறையில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். இது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

முதல் திட்டம்: மே 1 முதல் மே 12 வரை

பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் எட்டு இயல்கள் உள்ளன. பள்ளி திறப்பதற்குள் முதல் மூன்றையாவது, அதாவது உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும் என்று திட்டமிட்டேன். விடுமுறையில் முன்கூட்டியே படித்துவிட்டால் பள்ளியில் அதே பாடம் வரும்போது இரண்டாம் வாசிப்பாக எளிதாக இருக்கும் என்பது என் எண்ணம். ஊரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நகரத்துத் தனிப்பயிற்சி நிலையங்களும் இதையே விற்கின்றன.

காலை 9 முதல் 12 வரையும் மாலை 3 முதல் 6 வரையும் என நாளுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்கினேன். இடம் எங்கள் வீட்டுத் திண்ணை. முதல் வாரத்திலேயே இரண்டு செய்திகள் கண்ணில் பட்டன. ஒன்று, பத்து மணிக்குப் பிறகு அவள் தூங்கி விழுந்தாள். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் எடுத்து, தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு வருபவள் அவள். மே மாத வெயிலில் மின்விசிறி நின்றுவிட்டால் எனக்கே கண் சொக்கியது. இரண்டு, அவள் சொன்னதையெல்லாம் பிழையின்றி எழுதினாள். சார்பின் வகைகளை வரையறையோடு ஒப்பித்தாள். கார்டீசியன் பெருக்கலை வரிசை மாறாமல் எழுதினாள். இரண்டாவதைக் கண்டு மகிழ்ந்து, முதலாவதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட்டேன்.

மே 12 அன்று முதல் இயலில் 50 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு வைத்தேன். 34 பெற்றாள். இருவரும் மகிழ்ந்தோம்.

இருபதிலிருந்து நாற்பத்திரண்டு போனால்

அடுத்த வாரம் தொடர்வரிசைக்கு வந்தோம். கூட்டுத்தொடர்வரிசையின் n ஆவது உறுப்புக்கான சூத்திரத்தை அவள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். 20, 17, 14 என்று செல்லும் வரிசையின் 15ஆவது உறுப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். முதல் உறுப்பு 20, பொது வித்தியாசம் −3 என்று சரியாக எடுத்தாள்; 14ஐ −3ஆல் பெருக்க வேண்டும் என்பதையும் சரியாக எழுதினாள்; 20 − 42 என்ற வரி வரை ஒரு பிழையும் இல்லை. கடைசி வரியில் 22 என்று எழுதி, அதன் கீழ் இரட்டைக் கோடும் போட்டாள்.

குறி எங்கே என்று கேட்டேன். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “பெருசுலேர்ந்து சின்னதைத்தானே கழிக்கணும் டீச்சர்?” என்றாள். அது கவனக்குறைவில் வந்த பிழை அன்று; அவள் நம்பிக்கையோடு கைக்கொண்டிருந்த விதி. மூன்றாம் வகுப்பில் கழித்தலுக்குச் சொல்லித்தரப்பட்ட அந்த விதியை, குறை எண்கள் வந்த பிறகு யாரும் அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சந்தேகம் எழுந்ததால், மே 19 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு வாரத்துக்கு முன் எழுதிய அதே முதல் இயல் வினாத்தாளைத் திரும்பக் கொடுத்தேன். 34 பெற்றவள் இம்முறை 13 பெற்றாள். மனப்பாடம் செய்தவை கரைந்து, புரிந்தவை மட்டுமே எஞ்சியிருந்தன. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இல் தன் நினைவாற்றலைத் தானே சோதித்து, பொருளற்ற அசைகள் எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்பதை வெளியிட்டதைப் பி.எட். படிக்கும்போது தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். என் திண்ணையில் ஒரு பிள்ளைக்குச் சார்புகளும் பொருளற்ற அசைகளாகவே இருந்திருக்கின்றன என்பது அன்றுதான் தெரிந்தது.

முப்பது வினாக்கள்

மே 20 சனிக்கிழமை, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பாடங்களிலிருந்து முப்பது சிறு வினாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தேன். நேர வரம்பு இல்லை. விடையைவிட வழியை எழுதுவதே முக்கியம் என்று சொல்லியிருந்தேன். நான்கு, ஐந்தாம் வகுப்பு நிலையிலான 12 வினாக்களில் 8 சரி. ஆறு, ஏழாம் வகுப்பு நிலையிலான 12இல் 3 சரி. எட்டாம் வகுப்பு நிலையிலான 6இல் ஒன்றுகூடச் சரியில்லை.

மதிப்பெண்ணைவிடப் பிழைகளின் தன்மைதான் பயனுள்ளதாக இருந்தது. 816ஐ 8ஆல் வகுத்து 12 என்று எழுதியிருந்தாள். ஈவில் இடையே வரவேண்டிய பூஜ்யம் விழுந்துவிட்டது. மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னதற்கு, தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி, ஏழில் மூன்று என்று எழுதியிருந்தாள். −7 + 3 என்பதற்கு −10. 3x + 4 என்பதற்கு 7x. ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு விதி இருந்தது, ஒவ்வொரு விதிக்கும் அது நின்றுபோன ஒரு வகுப்பு இருந்தது.

அதன் பிறகே ஆண்டுகளை எண்ணிப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் ஆறாம் வகுப்பின் கடைசிப் பகுதியில் இருந்தாள். ஏழாம் வகுப்பு முழுவதையும் வீட்டிலேயே கழித்தாள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பரிலேயே திறந்துவிட்டன. ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1இல்தான் திறந்தன. ஆகவே எட்டாம் வகுப்பிலும் பாதி ஆண்டு போயிற்று. வீட்டில் இருந்த ஒரே கைபேசி தந்தையோடு கடலுக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்த நேரத்தில் மின்சாரமோ ஆளோ வீட்டில் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. குறை எண்களின் செயல்பாடுகள், பின்னங்கள், எழுத்துக்கணக்கின் (இயற்கணிதத்தின்) தொடக்கம் ஆகிய மூன்றும் பாடமாக வருவது சரியாக அந்த ஆண்டுகளில்தான். தமிழும் சமூக அறிவியலும் ஒரு பாடத்தைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் படிக்க இடம் தரும். கணக்கு அப்படி இடம் தராது. ‘கணக்கு மட்டும்’ என்று அந்தத் தாய் சொன்னதற்குப் பொருள் இதுதான்.

மாற்றிய திட்டமும் அதற்கான காரணங்களும்

பள்ளி ஜூன் 1 அன்று திறக்கும் என்றே அப்போது அறிவிக்கப்பட்டிருந்தது. கையில் இருந்தவை பத்து நாட்கள் மட்டுமே. ஆகவே எதைச் செய்வது என்பதைவிட எதை விடுவது என்ற கேள்வியே முன்னால் நின்றது.

முதல் முடிவு, பத்தாம் வகுப்பு இயல்களை முழுவதுமாக விடுவது. இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. பொதுத்தேர்வின் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இவற்றையே பலமுறை எழுதவைத்தால் முப்பது மதிப்பெண் வரை எட்டலாம். சில இரண்டு மதிப்பெண் வினாக்களைச் சேர்த்தால் தேர்ச்சிக்கான 35ஐத் தாண்டிவிடலாம். மெல்லக் கற்போருக்கென்று பள்ளிகளில் தரப்படும் குறைந்தபட்சக் கையேடுகளின் கணக்கு இதுவே. நானும் என் பள்ளியில் அப்படித் தேர்ச்சி பெறவைத்திருக்கிறேன். அது தேவைப்படும் காலம் பிப்ரவரி, மார்ச். மே மாதத்திலேயே அதைத் தொடங்கினால், ஓராண்டு முழுவதும் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து எதுவும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆகவே அந்த வழியை ஒதுக்கினேன்.

ஒரே ஒரு விலக்கு, செய்முறை வடிவியல். வடிவொத்த முக்கோணங்கள் வரைவதற்குக் குறை எண்களோ எழுத்துக்கணக்கோ பெரிதாகத் தேவைப்படாது. கை நன்றாக வரும் பிள்ளைக்கு அது நம்பிக்கை தரும் என்பதால், வாரத்தில் ஒரு நாள் அதற்கென வைத்தேன். வரைபடத்தை வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். இருபடிச் சமன்பாட்டுக்கு அட்டவணை போடும்போது −3இன் வர்க்கம் 9 என்று தெரியாதவளுக்கு அழகான வளைவரை எங்கிருந்து வரும்?

இரண்டாவது முடிவு நேரத்தைப் பற்றியது. ஆறு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்து, காலை 6 முதல் 7.30 வரை என்று மாற்றினேன். திண்ணையை விட்டு, கடற்கரையில் காலியாகக் கிடந்த புயல் காப்பகத்தின் மாடிக்குப் போனோம். கச்சான் காற்று தொடங்கியிருந்ததால் அங்கே புழுக்கம் இல்லை. தாள்கள் பறந்தன என்பது உண்மை. நான்கு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது முடிவை நான் எடுக்கவில்லை, அதற்கு இணங்கினேன். தந்தை ஒருநாள் வந்து, தயங்கித் தயங்கி, “தடைக்காலம் டீச்சர், லீவு முடியிற வரைக்கும் பிள்ளை அவ சித்தி களத்துல கருவாடு புரட்டப் போனா ஏதோ கிடைக்கும்” என்றார். அந்த ஆண்டு தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அதை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு, மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், ஆகஸ்டில்தான் வந்தது. 61 நாட்களை 5,000 ரூபாயில் ஓட்டும் வீட்டிடம் படிப்பின் பெருமையைப் பேச எனக்கு வாய் வரவில்லை. காலை வகுப்பு முடிந்த பின் இரண்டு மணி நேரம், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சில் உடன்பட்டேன். “சரிண்ணே, பத்து மணிக்கு மேல வேண்டாம்” என்றேன். இது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. நான் மறுத்திருந்தால் வகுப்பே நின்றிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நின்றிருக்கும் என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.

மே 22 முதல் ஜூன் 2 வரை

பின்னத்தில் தொடங்கினோம். அவளுக்குப் பின்னம் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன், தாளில்தான் தெரியாது. உறவினரின் வல்லத்தில் எண்ணெய்ச் செலவு போக மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும், மறுபாதி கடலுக்குப் போன ஆட்களுக்கும் என்பது வழக்கம். நான்கு பேர் போய் 2,400 ரூபாய் மீந்தால் அப்பாவுக்கு எவ்வளவு என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் 300 என்றாள். பாதியை நான்கால் வகுத்தால் மொத்தத்தில் எத்தனையில் ஒன்று என்று அதையே எழுதச் சொன்னபோது பேனா நின்றுவிட்டது. 2,400இல் 300 எத்தனை முறை அடங்கும் என்று அவளே எண்ணி, எட்டு என்று கண்டு, எட்டில் ஒன்று என்று எழுதினாள். அதன்பின் பகுதி வேறான பின்னங்களைக் கூட்டுவதற்கு மூன்று நாட்கள் போதுமானதாக இருந்தது. ஏழில் மூன்று என்ற பழைய விடையை எடுத்துக் காட்டினேன். மூன்றில் இரண்டு பங்கு என்பதே பாதிக்கு மேல். அதோடு இன்னும் சேர்த்த பிறகு பாதிக்கும் குறைவாக எப்படி வரும் என்று அவளாகவே கேட்டாள்.

குறை எண்ணுக்குக் கடன் உதவியது. கையில் 20 ரூபாய், வியாபாரிக்குத் தரவேண்டியது 42 ரூபாய் என்றதும், “இருபத்திரண்டு ரூபா கடன்” என்றாள். கடன் என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு சிறு கோடு போடு என்றேன். கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) சொல்லும் வழக்கமும் கைகொடுத்தது. நீர்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, எண்கோட்டைக் கிடையாக வரையாமல் நெட்டாக வரைந்தோம். நாலு பாகத் தண்ணீருக்கு −4, கொடிக்கம்பத்தின் உச்சிக்கு +2 என்று அவள் தானே குறித்தாள்.

வாழ்க்கையிலிருந்து கணக்கு என்பதை ஓர் அளவுக்கு மேல் இழுக்க முடியாது என்பதையும் எழுத வேண்டும். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருவதைக் கடனைக் கொண்டு விளக்க முயன்று, ஒரு முழுக் காலைப்பொழுதை வீணாக்கினேன். கடனைக் கடனால் எப்படிப் பெருக்குவது என்று அவள் கேட்டாள், நியாயமான கேள்வி. மறுநாள் கதைகளை விட்டுவிட்டு, 3ஐ −2ஆல் பெருக்கினால் −6, 2ஐப் பெருக்கினால் −4, 1ஐப் பெருக்கினால் −2, பூஜ்யத்தைப் பெருக்கினால் 0 என்று வரிசையாக எழுதி, அடுத்த வரியை அவளிடம் விட்டேன். ஒவ்வொரு வரியிலும் விடை இரண்டிரண்டாக ஏறுவதைப் பார்த்து, −1ஐ −2ஆல் பெருக்கினால் 2 என்று எழுதினாள். கதையைவிட அந்த ஒழுங்கே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

வடிவியல் நாளில் இடையூறாக வந்தது கவராயம் மட்டுமே. அதன் கால் தளர்ந்து, வில் வரையும்போது விரிந்துகொண்டே போனது. தந்தை அதை வாங்கி, வலை கட்டும் நரம்பால் இறுகச் சுற்றிக் கொடுத்தார். பொதுத்தேர்வு வரை அதே கவராயம்தான்.

இதற்கிடையே கடும் வெயிலால் பள்ளித் திறப்பு ஜூன் 7க்கும், பிறகு 12க்கும் தள்ளிப்போனது. எங்களுக்கு அது எதிர்பாராத பதினோரு நாள். எழுத்துக்கணக்கைத் தொடங்கத் துணிந்தது அதனால்தான்.

தாய்க்குக் காயம்: ஜூன் 3 முதல் ஜூன் 9 வரை

ஜூன் தொடக்கத்தில் பாசி எடுக்கப் போன தாய், பாரில் கால் வழுக்கிப் பாதத்தைக் கிழித்துக்கொண்டார். இரண்டு நாளில் காயம் சீழ் வைத்துவிட்டது. சமையல், தண்ணீர், தம்பி, தாயை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என எல்லாம் அவள் தலையில் விழுந்தன. காலை வகுப்பு நின்றது; கருவாட்டுக் களத்து வேலையும் நின்றது.

வகுப்பை விட்டுவிடலாமா என்று யோசித்து, கடைசியில் ஒரு சிறு ஏற்பாட்டைச் செய்தேன். தினமும் மாலை அவர்கள் வீட்டு வழியாகப் போகும்போது, பழைய திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் பத்துக் கணக்குகளை எழுதிக் கொடுத்துவிடுவேன். முந்தைய நாள் அட்டையை வாங்கிக்கொள்வேன். பத்தில் நான்கு கடைசியாக நடந்த பாடத்திலிருந்தும், ஆறு பழைய பாடங்களிலிருந்தும், வரிசை கலைத்து எழுதப்பட்டிருக்கும். ஒரு வகுத்தல், ஒரு பின்னம், ஒரு குறை எண், மறுபடி ஒரு வகுத்தல் என்று போகும். பார்த்தவுடன் இது எந்த வகை என்று முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் அவள் அதை முடித்துவிடுவாள்.

வேறு வழியின்றிச் செய்த இந்த ஏற்பாடுதான் அந்தக் கோடை முழுவதிலும் அதிகப் பலன் தந்தது என்று இப்போது நினைக்கிறேன். வகுப்பில் ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து பதினைந்து செய்யும்போது, மூன்றாவது கணக்குக்குப் பின் கைதான் ஓடும், மூளை ஓடாது. அட்டையில் அது நடக்கவில்லை. முதல் மூன்று அட்டைகளில் பத்துக்கு ஐந்து, நான்கு, ஆறு; கடைசி இரண்டில் எட்டு, ஒன்பது. ஜூன் 10 அன்று முப்பது வினாத் தாளை எண்களை மட்டும் மாற்றித் திரும்பக் கொடுத்தேன். 11ஆக இருந்தது 23 ஆனது. எட்டாம் வகுப்பு நிலை வினாக்கள் ஆறில் இரண்டு மட்டுமே சரி. எழுத்துக்கணக்கு அரைகுறையாகவே நின்றது.

பள்ளி திறந்த பின்

ஜூன் 12 அன்று பள்ளி திறந்தது. நானும் என் பணியிடத்துக்குத் திரும்பினேன். தடைக்காலம் முடிந்து தந்தை விசைப்படகுக்குப் போனார். வாரம் இரண்டு அட்டைகள் வீதம் கைபேசியில் படமாக அனுப்பிவந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு அது வாரம் ஒன்றாகி, பின்னர் நின்றுபோனது. இது என் தவறு.

காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 41, அரையாண்டில் 52. பொதுத்தேர்வின் கணிதத்தாள் 2024 ஏப்ரல் 1 அன்று நடந்தது. மே 10 அன்று முடிவு வந்தது. கணிதத்தில் 58, தமிழில் 71, ஆங்கிலத்தில் 41, அறிவியலில் 67, சமூக அறிவியலில் 66 என மொத்தம் 303. 36இலிருந்து 58 என்ற ஏற்றம் முழுவதையும் அந்தக் கோடையின் கணக்கில் எழுத மாட்டேன். அவளுடைய பள்ளியில் கணித ஆசிரியர் ஜனவரி முதல் மாலை வகுப்பு நடத்தினார். வரைபடம் முழுவதும் அவர் சொல்லிக்கொடுத்தது. வகுப்பில் நடப்பது புரிந்ததால்தான் மாலை வகுப்புக்கும் விடாமல் போனேன் என்று அவள் சொன்னதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் பெற்ற 41 என்னை உறுத்தியது. ஒன்பதாம் வகுப்பில் அதே பாடத்தில் 47 பெற்றிருந்தாள். கோடை முழுவதும் கணக்கு, பிறகு சில மாதங்கள் வீட்டில் அட்டை என்று எல்லா நேரத்தையும் ஒரு பாடமே தின்றுவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் அவள் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் உள்ள பிரிவில் சேர்ந்தாள். கணக்கைப் பார்த்துப் பயந்து அந்தப் பிரிவை எடுத்தாளா என்று கேட்டேன். வியாபாரியின் முன்பண நோட்டை இப்போது தானே சரிபார்ப்பதாகவும், அதனால்தான் எடுத்ததாகவும் சொன்னாள்.

அந்தக் கோடையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் முதல் வாரம் வந்து நின்றுபோனார்கள். அவர்களில் ஒரு பையன் மே மாதமே வல்லத்துக்குப் போகத் தொடங்கி, பிறகு பள்ளிக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அவர்களுக்கும் முப்பது வினாத் தாளை முதல் நாளே கொடுத்திருந்தால் தங்கியிருப்பார்களா என்று சொல்ல முடியாது. விளங்காத சார்புகளை ஆறு மணி நேரம் கேட்க எந்தப் பிள்ளையும் விடுமுறையில் வந்து உட்காராது என்பது மட்டும் உறுதி.

மறுபடி செய்தபோது

2024 கோடையில் மாற்றியவை சில. வகுப்பு முதல் நாளிலிருந்தே காலை ஆறு மணிக்கு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. அதில் இருபது நிமிடம் ஆங்கில வாசிப்பு. கலப்பு அட்டை மூன்றாம் நாளே தொடங்கிவிட்டது. பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளோடு நிறுத்தாமல் கீழ் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். கொரோனாவின் போது ஆறாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு விடுபட்டது குறை எண் என்றால், அவர்களுக்கு மூன்று நான்கு ஆண்டு இளையவர்களுக்கு அதைவிட அடியில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அவளுடைய தம்பி அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். பள்ளிகள் மூடியபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தவன். முதல் நாள் முப்பது வினாத் தாளைக் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காற்றில் பறக்காமல் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் 816ஐ 8ஆல் வகுத்து 12 என்று எழுதினான். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லுமுன், பன்னிரண்டை எட்டால் பெருக்கிப் பார் என்று அவனிடம் சொன்னாள்.